தங்குனது ஆறு



எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் எங்கள் அம்மாச்சியிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "பெத்தது பதினொண்ணு, தங்குனது ஆறு." வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடியே சொல்வார். இந்த வருஷம் கண்மாய் நிறைஞ்சது, போன வருஷம் நிறையலை என்பது போன்ற குரல். அந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லோருமே இப்படித்தான் கணக்குச் சொன்னார்கள். பெற்றதும் தங்கியதும் ஒரே எண்ணாக இருந்த வீடு எங்கள் தெருவில் இருந்ததாக நினைவில்லை.

தங்கிய ஆறில் மூத்தவர் குப்பையா மாமா. அவருக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்துப் போய்விட, இவர் பிறந்ததும் முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தார்களாம். பக்கத்து வீட்டுக்காரம்மா எடுத்துக்கொள்ள, அம்மாச்சி ஒரு படி தவிடு கொடுத்து அவரிடமிருந்து பிள்ளையை விலைக்கு வாங்கினார். குப்பையில் கிடந்ததை, தவிட்டுக்கு வந்ததை எமன் சீண்ட மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. மாமா பிற்பாடு தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, தன் கல்யாணப் பத்திரிகையில் மட்டும் ‘குபேரன்’ என்று அச்சடித்துக்கொண்டார். ஊர் அதை ஏற்கவில்லை.

குப்பாயி, தவிட்டம்மா, பிச்சை, மண்ணாங்கட்டி, பிறந்தவுடன் மூக்குக் குத்தப்பட்ட மூக்கன், மூக்கம்மா. தென்மாவட்டத்து வாக்காளர் பட்டியலில் வயதானவர்கள் பக்கத்தைப் புரட்டுங்கள். அந்தப் பெயர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெயரில்லாத ஒன்றோ இரண்டோ இருந்திருக்கும். நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சிசு மரணப் பதிவேடு இதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதே பட்டியலில் ‘போதும்பொண்ணு’வும் ‘வேண்டா’வும் வருவார்கள். அது வேறு கணக்கு. பெண்பிள்ளைக்குப் புகட்டிய உசிலம்பட்டிப் பக்கத்துக் கள்ளிப்பாலும், அதைத் தடுக்கச் சேலத்தில் 1992ல் அரசாங்கம் வைத்த தொட்டிலும் அந்தக் கணக்கில் வருபவை. அங்கே பிள்ளை தங்காமல் போகவில்லை, தங்கவிடப்படவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவது சரியில்லை என்பதால் அதை இன்னொரு இதழுக்கு வைத்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம் ஒரு சொட்டுத் தேன். போன மாதம் என் அக்கா மகளுக்குப் பிள்ளை பிறந்தது. பார்க்கப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள். அக்கா ஒரு கிண்ணத்தில் தேனைக் குழைத்து, தங்க மோதிரத்தால் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் சேனை வைக்கப் போனாள். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடாது, அதிலிருக்கும் ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்திவிடும் என்று நான் பத்திரிகைக்காரத் தோரணையில் ஆரம்பித்தேன். அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "உனக்கும்தான் சேனை வச்சாங்க. நீ என்ன செத்தா போயிட்டே?"

எனக்குப் பதில் வரவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. அது தங்கின ஆறு பேர் சொல்லும் சாட்சி. மற்ற ஐந்து பேரைக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. பிழைத்தவர்கள் எல்லோரும் சேனைக்கும் கழுதைப்பாலுக்கும் உரைமருந்துக்கும் சாட்சி சொல்ல உயிரோடு இருக்கிறார்கள். பிழைக்காதவர்கள் எதற்கும் சாட்சி சொல்ல முடியாது. ஒரு வழக்கம் தலைமுறை தலைமுறையாக நிற்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இல்லாதவர்களை எண்ணத் தொடங்கிய இரண்டு பேரைப் பற்றி இந்த மாதம் சொல்ல நினைத்தேன்.

மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில், சத்தீஸ்கரையும் தெலங்கானாவையும் ஒட்டிக் கிடக்கும் காட்டு மாவட்டம் கட்சிரோலி. கோண்டு பழங்குடிகள் நிறைந்த பகுதி. நம் செய்தித்தாள்களில் அந்தப் பெயர் பெரும்பாலும் துப்பாக்கிச் சத்தத்தோடுதான் வரும். அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டுத் திரும்பி, 1986ல் இங்கே ‘சர்ச்’ என்றொரு அமைப்பைத் தொடங்கினார்கள். (தேவாலயம் இல்லை, ‘தேடல்’ என்று பொருள்படும் சொல்.) முதலில் போய் ஊர் மக்களிடம், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டார்கள். வந்த பதில்களில் ஒன்று என் மனதிலிருந்து போகவே இல்லை. செத்தவர்களைத்தான் நாங்கள் வெள்ளைத் துணியில் சுற்றுவோம், அங்கே எல்லோரும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள், அவர்கள் எப்படி உயிரைக் காப்பாற்றுவார்கள்? அதன்பிறகு அந்த மக்களின் குடிசைகளைப் போலவே ஒரு மருத்துவமனை கட்டி, அதற்கு அவர்கள் தெய்வமான தந்தேஸ்வரியின் பெயரையே வைத்தார்கள்.

பிறகு எண்ணத் தொடங்கினார்கள். ஊர் ஊராக, வீடு வீடாக, பிறந்தது எத்தனை, போனது எத்தனை. 1988ல் கிடைத்த கணக்கு, ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் 121 பேர் இல்லை. எங்கள் அம்மாச்சி இதைக் கேட்டிருந்தால் அதிசயப்பட்டிருக்க மாட்டார். அரசாங்கப் பதிவேட்டில் இந்தச் சாவுகளில் பல ஏறியதே இல்லை. பிறந்ததாகவே எழுதாத பிள்ளை இறந்ததாக எப்படி எழுதுவது? இந்த மறைப்பை மாநிலம் முழுவதற்கும் அம்பலப்படுத்தி 2001ல் ஓர் அறிக்கை வந்தது. மராத்தியில் அதற்கு வைத்த தலைப்பைத் தமிழில் ‘பிஞ்சு இலையுதிர்வு’ என்று சொல்லலாம். அறிக்கைகளுக்குத் தலைப்பு வைப்பவர்கள் பொறாமைப்பட வேண்டிய தலைப்பு.

அபய் பங் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. ஒரு மாலை, ஒரு தாயும் பாட்டியும் நோஞ்சான் பிள்ளையொன்றைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. இறப்புச் சான்றிதழில் ஒரு காரணம் எழுதிவிடலாம். அவர் அந்தப் பெண்களிடம் நடந்ததை முன்னிருந்து கேட்டுக்கொண்டே போய், பிள்ளையைக் கொன்ற காரணங்களை எண்ணினார். வறுமை, தாயின் அரை வயிறு, வீட்டிலிருந்த குடி, தண்ணீர் கலந்த பால், மந்திரவாதி, வழியில் குறுக்கே ஓடிய ஆறு என்று போய் மொத்தம் 18 வந்ததாம். பதினெட்டையும் தீர்க்க ஒரு தலைமுறை போதாது. ஆனால் பதினெட்டும் சேர்ந்தால்தான் அந்தப் பிள்ளை சாகும், நடுவில் ஒரே ஒரு கண்ணி அறுந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் கண்டுகொண்டது.

இந்தப் பதினெட்டில் எது பண்பாடு, எது சுற்றுச்சூழல், எது வறுமை என்று பிரித்து வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிள்ளைத்தாய்ச்சி வயிறு நிறையச் சாப்பிட்டால் குழந்தைக்கு இடம் இருக்காது, குழந்தை பெருத்தால் பேறுகாலம் கஷ்டம் என்பது கட்சிரோலியிலும் சொல்வார்கள், எங்கள் ஊரிலும் சொல்வார்கள். கேட்கும்போது மூடநம்பிக்கை. ஆனால் இடுப்பெலும்பு வளர்வதற்கு முன்பே கல்யாணமாகி, அறுவை சிகிச்சை செய்ய ஐம்பது மைலுக்குள் ஆள் இல்லாத இடத்தில், பெரிய தலையுள்ள பிள்ளை தாயையும் சேர்த்துக் கொண்டுபோவதைக் கண்ணால் பார்த்தவர்கள் சொன்னது அது. தாயைக் காப்பாற்றப் போட்ட பத்தியம், பிள்ளையைச் சிறுத்துப் பிறக்க வைத்தது. கட்சிரோலியில் அப்போது பிறந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவு.

அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு முதல் எதிரி குளிர். நமக்கு இது புரிவது கொஞ்சம் கஷ்டம், வெயில் நாட்டில் என்ன குளிர் என்போம். தாயின் வயிற்றுச் சூட்டிலிருந்து ஈரத்தோடு வெளியே வரும் ஒன்றரைக் கிலோ உடம்புக்குச் சாணி மெழுகிய தரை பனிக்கட்டி மாதிரி. உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலி மாவட்டத்துச் சிவ்கட் பகுதியில், நஞ்சுக்கொடி விழும்வரை பிள்ளையை யாரும் தூக்கியதில்லை, துணியும் போர்த்தியதில்லை. பிறகு உடனே குளிப்பாட்டு. விஸ்வஜீத் குமார் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் அங்கே பெரிய கருவி எதையும் கொண்டுபோகவில்லை. துடைத்து, தாயின் வெறும் மார்போடு ஒட்டிப் போடச் சொன்னார்கள், குளியலைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். மாமியார்களோடும் நாத்தனார்களோடும் உட்கார்ந்து பேசித்தான் இதைச் சொன்னார்கள். பச்சைப்பிள்ளைச் சாவு பாதிக்கு மேல், நூற்றுக்கு 54 வீதம் குறைந்தது. 2008ல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அதை வெளியிட்டது.

சீம்பாலுக்கு வருகிறேன். முதல் மூன்று நாள் மஞ்சளாக, கெட்டியாக வருவதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் நம்மிடமும் இருந்தது, வடக்கேயும் இருந்தது. மாடு கன்று போட்டால் அதே சீம்பாலைத் திரட்டுப்பாலாகக் காய்ச்சித் தெருவுக்கே கொடுப்போம் என்பது தனி வேடிக்கை. சர்க்கரைத் தண்ணீரில் இருப்பது வெறும் சர்க்கரையும் தண்ணீரும் என்றால் பரவாயில்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? குடத்துக்கு வந்தது குளத்திலிருந்து, குளத்துக்கு வந்தது மேட்டுத் தெருவின் சாக்கடையிலிருந்து. வழக்கம் கதவைத் திறந்துவிட, சுற்றுப்புறம் உள்ளே வருகிறது. நகரத்துப் பங்களாவில் இதே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் பிள்ளை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஒரே வழக்கம் பணக்காரப் பிள்ளையை விட்டுவிட்டு ஏழைப் பிள்ளையைப் பிடிக்கும்.

வயிற்றாலே போகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நிறுத்திவிடுவது இன்னொன்று. கண்ணுக்கு அப்படித்தான் தெரியும், அதனால்தான் அது இத்தனை காலம் நின்றது. 1971ல் வங்கதேசப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்மில் நிரப்பிவைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் நான்குக்கும் குறைவாக இறங்கியது. அவரும் சொந்தக்காரர்களைத்தான் நம்பினார் என்பதைக் கவனியுங்கள்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளை பெற்ற அறைக்குக் காற்று ஆகாது என்று ஜன்னலை அடைத்து, பக்கத்திலேயே விறகடுப்பு எரியும். அந்தப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு நிமோனியா அபாயத்தைக் கிட்டத்தட்ட இரு மடங்காக்குகிறது. விறகு பொறுக்குவதும் அந்தத் தாய்தான், ஊதுவதும் அவள்தான், பழி வருவது தோஷத்தின் மேல்.

மீண்டும் கட்சிரோலி. நிமோனியாவைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி மூச்சை எண்ணுவது. இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளை நிமிஷத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் ஆபத்து, அதற்கு மூத்த, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50. ஆனால் எண்ண வேண்டிய மருத்துவச்சிகளில் பலருக்குப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. இந்த இடத்தில் ஒரு சாதாரண அதிகாரி, ‘மக்களின் அறியாமையே காரணம்’ என்று கோப்பை மூடியிருப்பார். (நம் பத்திரிகையும் ஒரு காலத்தில் அப்படித் தலைப்புப் போட்டதுண்டு. வெட்கத்தோடு சொல்கிறேன்.) பங் தம்பதி ஒரு மரச்சட்டம் செய்தார்கள். அதில் ஒரு நிமிஷ மணல் கடிகாரம், இரண்டு வரிசை மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மேல் வரிசையில் ஐந்து பச்சை, ஒரு சிவப்பு. கீழ் வரிசையில் நான்கு பச்சை, ஒரு சிவப்பு. மணல் தீர்வதற்குள் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் நிமோனியா. பல்லாங்குழி ஆடத் தெரிந்த எந்தக் கைக்கும் இது வரும். எண்ணியது மட்டுமில்லை, மாத்திரையும் மருந்தும் கொடுத்தது அந்தக் கிராமத்தவர்களே. அவர்கள் வேலை செய்த ஊர்களில் நிமோனியாவால் பிள்ளைகள் சாவது மற்ற ஊர்களைவிட 54 சதவீதம் குறைவு என்று 1990ல் எழுதினார்கள்.

அடுத்தது இன்னும் துணிச்சலானது. பிறந்து 28 நாளுக்குள் சாகும் பிள்ளைகள். அங்கே பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் அந்த நாட்களில் ஏதோ ஒரு மருத்துவம் தேவைப்பட்டது. கிடைத்ததோ நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூட இல்லை. தீட்டு நாளில் வெளியே தூக்கக் கூடாது, தூக்கினாலும் போய்ச்சேரப் பஸ் இல்லை. பிள்ளை வராது என்றால் மருத்துவம் போகட்டும் என்று 39 ஊர்களில் ஊருக்கொரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பழக்கினார்கள். ‘ஆரோக்யதூத்’ என்று பெயர். அதே ஊர் மருமகள், ஏழெட்டு வகுப்புப் படித்தவள். மருத்துவச்சி பேறு பார்க்கும்போது இவளும் கூட இருப்பாள். மூச்சுவிடாத பிள்ளைக்குக் காற்று ஊதுவாள், எடை பார்ப்பாள், உறை போன்ற பையில் சுருட்டிச் சூடு காப்பாள், அன்றே மார்பில் போடச் சொல்வாள். உடம்பெல்லாம் நஞ்சு ஏறும் கிருமித்தொற்று என்று தெரிந்தால் ஜென்டாமைசின் ஊசியும் அவளே போடுவாள்.

எட்டாம் வகுப்புப் பெண் பச்சைப் பிள்ளைக்கு ஊசி போடுவதா என்ற கேள்வி எழத்தான் செய்யும். எனக்கும் எழுந்தது. பதில் கணக்கில் இருக்கிறது. அந்தத் தொற்று வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 16 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் கைக்கு ஊசி வந்தபின் மூன்று பேருக்கும் குறைவு. மூன்றாம் வருஷ முடிவில், பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டால் பச்சைப்பிள்ளைச் சாவு 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999 டிசம்பரில் ‘லான்செட்’ அதை வெளியிட்டது. இன்று நாடு முழுக்க ‘ஆஷா’ பணியாளர்கள் மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று 42ஆம் நாள்வரை வீடு தேடி வந்து பிள்ளையைப் பார்க்கிறார்களே, 2011ல் மத்திய அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தின் வேர் இந்த ஊர்களில் இருக்கிறது.

வழக்கம் என்றால் பாட்டிகளுடையது மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1847ல் வியன்னாவில் பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்த டாக்டர்களிடம், கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று சொன்ன செம்மல்வைஸ் என்ற டாக்டரை அவர்கள் என்ன பாடு படுத்தினார்கள்! நம் அலுவலக அலமாரியில் இருக்கும் பழைய பைண்டு வால்யூம்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் குண்டுக் குழந்தைகள் சிரிக்கின்றன, பால்மாவு விளம்பரத்தில். தாய்ப்பால் பட்டிக்காட்டுத்தனம் என்று ஒரு தலைமுறையையே நம்ப வைத்த வழக்கம் அது. அதைத் தடுக்க 1992ல் சட்டமே போட வேண்டியிருந்தது. மறுபக்கம், தீட்டு என்று பிள்ளை பெற்ற அறைக்குள் யாரையும் விடாமல் வைத்ததில் தொற்றைத் தடுக்கும் ஒரு புத்தியும் இருந்தது. அதே தீட்டுதான் தாயைக் கவனிக்க ஆளில்லாமல் ஒரு மூலையில் தள்ளியது. அம்மாச்சி காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் போட்டு நீவி நீரூற்றுவதை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். மூக்கில் எண்ணெய் விடுவதையும் காதில் ஊதுவதையும் மட்டும் விட்டுவிட்டால் போதும். மூக்கில் விட்ட எண்ணெய் நேரே நுரையீரலுக்குப் போய்விடக்கூடும்.

இதற்கிடையே கணக்கு மாறியும் இருக்கிறது. 1971ல் இந்தியாவில் ஆயிரத்துக்கு 129 சிசுக்கள் போயினர். 2020ல் அது 28. தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6, மத்தியப் பிரதேசத்தில் 43. ஒரே நாடு, ஒரே வருஷம். பச்சைப்பிள்ளைகளை வில்லாய் வளைத்துக் கொன்ற ரண ஜன்னி, தாய்க்குப் போடும் ஊசியாலும் சுத்தமான பிளேடாலும் ஒழிந்துவிட்டதென 2015ல் அறிவித்தார்கள். தொப்புளில் சாணியும் சாம்பலும் வைத்த கைகள் அதே வீட்டுக் கைகள்தான், வைக்காமல் விட்டவையும் அவைதான்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குத் தேன் கிண்ணத்தை அவள் கீழே வைக்கவில்லை. ஆனால் மறுவாரம் வந்த கிராம சுகாதார செவிலியர், அவளிடம் வாதாடாமல், "சேனை வைக்கிறது நல்ல சாங்கியம்தான்க்கா. தாய்ப்பாலைத் தொட்டு வையுங்க, பிள்ளைக்குத் தாயோட குணம் வரும்" என்றாராம். அக்கா என்னிடம் போனில், ஏதோ தானே கண்டுபிடித்தது போல இதைச் சொன்னாள். அந்தச் செவிலியரை நம் ஆசிரியர் குழுவில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு குப்பையாவோ தவிட்டம்மாவோ இருந்தால், அந்தப் பெயர் வந்த கதையை விசாரித்து எழுதுங்கள். அஞ்சலட்டை போதும். கேட்கும்போது, அதற்கு முன்னால் போனவர்களைப் பற்றியும் கேளுங்கள். எங்கள் அம்மாச்சி போய்ப் பதினான்கு வருஷமாகிறது. அந்த ஐந்து பேருக்கும் பெயர் வைத்திருந்தாரா என்று நான் கேட்டதே இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்